தண்ணீரைக் குறைத்ததும் கம்மோடு ஏன் அடைத்துக்கொண்டது? அமெரிக்கா, 1994 முதல் 2014 வரை: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் 1992 அக்டோபரில் எரிசக்திக் கொள்கைச் சட்டம் கையெழுத்தானது. கழிப்பறைக்கும் அதில் ஒரு விதி இருந்தது. 1994 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கழிப்பறைகள் ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 1.6 கேலனுக்கு மேல், அதாவது சுமார் 6 லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கக் கூடாது. அதுவரை கடைகளில் விற்றவை 3.5 கேலன், 13 லிட்டருக்குச் சற்று மேல். இன்னும் பழைய வீடுகளில் 19 லிட்டர் ஊற்றும் தொட்டிகள்கூட ஓடிக்கொண்டிருந்தன.

சட்டம் அமலுக்கு வந்த சில ஆண்டுகள் அமெரிக்க வீடுகளில் கசப்பானவை. ஒரு ஃப்ளஷ்ஷில் போகவில்லை, இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. அடைப்பு அடிக்கடி வந்தது. கிண்ணத்தின் சுவரில் கறை ஒட்டியது. பழைய 13 லிட்டர்க் கழிப்பறையைக் கனடாவிலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுவந்து மாட்டியவர்களும் உண்டு. மிச்சிகனிலிருந்து அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான உறுப்பினர் ஜோ நோலன்பர்க் இந்த வரம்பையே நீக்கக் கோரி 1997-இலும் 1999-இலும் மசோதா கொண்டுவந்தார். இரண்டும் நிறைவேறவில்லை.

இன்று அதே நாட்டில் 4.8 லிட்டரில் ஓடும் நல்ல கழிப்பறை, அன்றைய 13 லிட்டர்க் கழிப்பறையைவிடச் சுத்தமாகக் கழுவுகிறது. அடைப்பும் குறைவு. இடையில் நடந்தவற்றைக் கவனமாகப் பார்த்தால், நம் ஊரில் சுவரில் தொங்கும் அழகான கம்மோடும் சுவருக்குள் ஒளியும் மறைவுத் தொட்டியும் வாங்குபவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெளிவாகும். தொட்டி, கிண்ணம், டிராப் (கிண்ணத்தின் பின்னால் தண்ணீர் நிற்கும் வளைந்த பாதை), வடிகால் குழாய் நான்கும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள். ஒன்றை மட்டும் குறைத்தால் மற்றவை பழிவாங்கும்.

அந்த 6 லிட்டர் என்ன வேலை செய்ய வேண்டும்

அமெரிக்கக் கழிப்பறைகள் பெரும்பாலும் சைஃபன் முறையில் இயங்குபவை. கிண்ணத்துக்குப் பின்னால் பீங்கானுக்குள்ளேயே பாம்பு வளைவுபோல் ஒரு பாதை ஏறி இறங்குகிறது. ஃப்ளஷ் செய்ததும் தொட்டித் தண்ணீர் ரிம்மின், அதாவது கிண்ண விளிம்பின் துளைகள் வழியாகவும் அடியில் உள்ள ஜெட் துளை வழியாகவும் கிண்ணத்துக்குள் பாய்கிறது. மட்டம் உயர்ந்து, வளைவின் மேட்டைத் தாண்டி வழிந்து, பாதை முழுவதும் நிரம்பிக் காற்று வெளியேறினால்தான் சைஃபன் பிடிக்கும். பிடித்ததும் கிண்ணத்தில் உள்ளதை எல்லாம் இழுத்துக்கொண்டு போகும். காற்று புகுந்து 'களக்' என்ற சத்தத்தோடு அது அறுந்த பிறகு, மீதித் தண்ணீர் கிண்ணத்தில் வாட்டர் சீலாக நிற்க வேண்டும். இதன் ஆழம் குறைந்தது 50 மி.மீ. இல்லையென்றால் சாக்கடை வாயு வீட்டுக்குள் வரும்.

சைஃபன் பிடிப்பதைத் தீர்மானிப்பது வேகம்தான். எத்தனை லிட்டர் என்பதைவிட, முதல் ஒன்றிரண்டு விநாடிகளில் எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது என்பதே முக்கியம். 13 லிட்டர்த் தொட்டியில் இந்தக் குறை வெளியே தெரியாது. மெதுவாக வந்தாலும் நெடுநேரம் வரும், கடைசியில் எப்படியோ தள்ளிவிடும்.

முதல் தலைமுறையில் நடந்தது

புதுக் கிண்ணம் வடிவமைப்பது செலவான வேலை. பீங்கான் கழிப்பறை அச்சில் வார்த்து, உலர்த்தி, மெருகு பூசிச் சூளையில் சுடப்படுவது; சுடும்போது பத்துக்கு ஒரு பங்கு அளவில் சுருங்கும். டிராப் பாதையை மாற்றினால் அச்சுகள் அத்தனையும் மாற வேண்டும். ஆகவே பல தயாரிப்பாளர்கள் பழைய கிண்ணத்தை வைத்துக்கொண்டே தண்ணீரைக் குறைத்தார்கள். தொட்டியிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் 50 மி.மீ ஃப்ளஷ் வால்வும் அப்படியே இருந்தது. தண்ணீர் அதே மந்த வேகத்தில் வந்து, சைஃபன் பிடிக்கும் முன்பே தீர்ந்தது.

சிலர் டிராப் பாதையைக் குறுக்கினார்கள். குறுகிய பாதை சீக்கிரம் நிரம்பும், குறைந்த தண்ணீரிலேயே சைஃபன் பிடிக்கும். கணக்கு சரி; ஆனால் குறுகிய பாதையில் கழிவு சிக்கும். உட்புறம் மெருகு பூசாத சொரசொரப்பான பீங்கான் என்றால் இன்னும் மோசம். வேறு சிலர் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரின் பரப்பைச் சுருக்கினார்கள். சீலுக்கு வேண்டிய தண்ணீர் மிச்சமானது, கறை கூடியது. வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷால் தேய்த்து இன்னொரு முறை ஃப்ளஷ் செய்தால் 12 லிட்டர். மிச்சம் எங்கே?

காற்றழுத்தக் கலன்கள் இன்னொரு வழியாக வந்தன. பீங்கான் தொட்டிக்குள் மூடிய பிளாஸ்டிக் கலன் ஒன்று இருக்கும். குழாயின் அழுத்தத்தால் அதில் காற்று இறுகி, ஃப்ளஷ்ஷின்போது தண்ணீரை வேகமாகத் தள்ளும். அடைப்பு குறைந்தது, சத்தம் கூடியது. மெல்லிய தடுப்புச் சுவர் உள்ள வீட்டில் இரவில் அந்தச் சத்தம் ஒரு தொல்லை. கலனின் ஒட்டுப் பகுதி பிளந்து வெடிக்கும் அபாயம் தெரிந்ததால், ஃப்ளஷ்மேட் என்ற பெயரில் விற்ற இத்தகைய கலன்களில் சுமார் 23 லட்சம் 2012-இல் திரும்பப் பெறப்பட்டன. சாதாரண ஈர்ப்புவிசைத் தொட்டியே பின்னாளில் வென்றதற்கு எளிமை ஒரு பெரிய காரணம்.

நியூயார்க்: குறையோடும் கிடைத்த பலன்

இத்தனை புகார்களுக்கு நடுவில், நியூயார்க் நகரம் 1994 முதல் 1997 வரை கழிப்பறை மாற்றும் திட்டம் ஒன்றை நடத்தியது. வீட்டு உரிமையாளருக்கு முதல் கழிப்பறைக்கு 240 டாலர் வரை திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 13 லட்சம் கழிப்பறைகள் மாறின. நாளொன்றுக்கு 7 முதல் 8 கோடி கேலன் தண்ணீர் மிச்சம் என நகரம் கணக்கிட்டது. லிட்டரில் சொன்னால் 26 கோடிக்கும் மேல். அடுக்ககங்களில் தண்ணீர்ச் செலவு சராசரியாக 29 சதவீதம் இறங்கியது.

இந்த எண்ணிக்கை வியப்பானதல்ல. அமெரிக்க வீடுகளில் ஒருவர் நாளுக்கு 5 முறை ஃப்ளஷ் செய்கிறார் என்பது 1999-இல் வெளியான வீட்டு நீர்ப்பயன்பாட்டு ஆய்வின் அளவீடு. 13-இலிருந்து 6-க்கு இறங்கினால் ஆளுக்கு 35 லிட்டர். நான்கு பேர் வீட்டில் 140 லிட்டர். அதே ஆய்வில் வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல் கழிப்பறையில்தான் போனது. குளியலையும் துணி துவைப்பதையும் தொடாமல் இவ்வளவு மிச்சம் தரும் இடம் வீட்டில் வேறில்லை.

பலன் இருந்தும் பெயர் கெட்டது. கருவி நம்பகமாக இல்லை என்பதைவிட, எந்தக் கருவி நல்லது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை என்பதுதான் அப்போதைய உண்மையான சிக்கல்.

சோயா விழுது கொண்டுவந்த மாற்றம்

அன்றைய தரச் சோதனைகளில் 19 மி.மீ பிளாஸ்டிக் உருண்டைகள் 100-ஐக் கிண்ணத்தில் போட்டு எத்தனை வெளியேறுகின்றன என்று எண்ணினார்கள். சிறு பிளாஸ்டிக் மணிகளும் போட்டார்கள். கிண்ணச் சுவரில் மைக்கோடு இழுத்து அது கழுவப்படுகிறதா என்று பார்த்தார்கள். மிதக்கும் உருண்டை மனிதக் கழிவுபோல் நடந்துகொள்வதில்லை. சோதனையில் தேறிய கழிப்பறை வீட்டில் அடைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

2003-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நீர் நிறுவனங்களின் ஆதரவோடு மேப் என்ற சோதனை வந்தது. வடிவமைத்தவர்கள் பொறியாளர்கள் பில் காலியும் ஜான் கோலரும். ஜப்பானியச் சமையலில் பயன்படும் சோயா விழுதை 50 கிராம் உருளைகளாகப் பிதுக்கினார்கள். எடையிலும் ஈரப்பதத்திலும் அது உண்மைக் கழிவுக்கு நெருக்கமாக இருந்தது. பின்னர் அதையே மெல்லிய லேடெக்ஸ் உறையில் அடைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். கூடவே கசக்கிய டாய்லெட் பேப்பர். 50, 50 கிராமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த எடைவரை ஒரே ஃப்ளஷ்ஷில் முழுவதும் வெளியேறி வாட்டர் சீலும் திரும்ப நிற்கிறதோ அதுவே அந்த மாடலின் மதிப்பெண். உச்சம் 1,000 கிராம்.

ஆண்களின் அதிகபட்ச மல அளவின் சராசரி 250 கிராம் என்று பிரிட்டனில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. அதற்கு மேல் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் சேர்த்து, பின்னாளில் 350 கிராம் குறைந்தபட்ச அளவானது. முதல் சுற்றுச் சோதனையிலேயே உண்மை வெளியானது. ஒரே 6 லிட்டரில் சில மாடல்கள் 250 கிராமைக்கூடத் தள்ளவில்லை. வேறு சில அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தள்ளின. அப்படியானால் தண்ணீரின் அளவைக் குறை சொல்வதற்கு இடமில்லை.

முடிவுகளை மாடல் பெயரோடு யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டதுதான் இந்த முயற்சியின் மிகச் சிறந்த செயல் என்பேன். மானியம் கொடுக்கும் நகரங்கள் பட்டியலைப் பார்த்து மாடலைத் தேர்ந்தன. மதிப்பெண் குறைந்த மாடல் விற்கவில்லை. அதன் பிறகு அச்சை மாற்றும் செலவு தயாரிப்பாளருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாறியவை இவை. ஃப்ளஷ் வால்வின் விட்டம் 50 மி.மீ-இலிருந்து 75 மி.மீ-க்கு வந்தது. ஜப்பானிய நிறுவனமான டோட்டோவின் ஜி-மேக்ஸ் இதில் பெயர் பெற்றது. விட்டம் ஒன்றரை மடங்கானால் திறப்பின் பரப்பு இரண்டேகால் மடங்கு. தொட்டி அதே அளவுக்குச் சீக்கிரம் காலியாகும். டிராப் பாதை 54 மி.மீ-க்கு விரிந்து, உள்ளே முழுக்க மெருகு பூசப்பட்டது. ரிம்முக்கும் ஜெட்டுக்கும் தண்ணீர் பிரியும் விகிதம் சரிசெய்யப்பட்டது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-இல் தண்ணீர் மிச்சப்படுத்தும் பொருட்களுக்கான வாட்டர்சென்ஸ் முத்திரையைத் தொடங்கி, 4.8 லிட்டர், 350 கிராம் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்டது. கலிஃபோர்னியா 2007-இல் இயற்றிய சட்டத்தின்படி 2014 முதல் அங்கே விற்பவை 4.8 லிட்டருக்கு உட்பட்டவை. அளவோடு செயல்திறனையும் சேர்த்துக் கேட்டதால் 1994-இன் குழப்பம் திரும்பவில்லை.

பழுது பார்த்ததும் போன மிச்சம்

முதல் தலைமுறையில் இன்னொரு ஓட்டை இருந்தது. பல மாடல்களில் தொட்டி பெரியது. சீக்கிரம் மூடும் சிறப்பு ரப்பர் மூடியை, அதாவது ஃப்ளாப்பரை வைத்து 6 லிட்டரோடு நிறுத்தினார்கள். ரப்பர் சில ஆண்டுகளில் தேயும். தொட்டிக்குள் போடும் குளோரின் வில்லைகள் அதை இன்னும் வேகமாக அரிக்கும். வீட்டுக்காரர் கடையில் பொதுவான ஃப்ளாப்பர் ஒன்றை வாங்கி மாட்டுவார். அது கடைசிவரை திறந்தே நிற்கும். 6 லிட்டர்க் கழிப்பறை சத்தமில்லாமல் பழைய செலவுக்குத் திரும்பிவிடும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இதைத் தடுக்கத் தன் கொள்முதல் விதியில், எந்த மாற்றுப் பாகம் போட்டாலும், எப்படித் திருகினாலும் ஓர் உச்ச அளவைத் தாண்டக் கூடாது என்று சேர்த்தது. தொட்டியையே சிறிதாக்கினால்தான் இந்த விதி நிறைவேறும். பாகத்தை நம்புவதைவிடத் தொட்டியின் கொள்ளளவை நம்புவது மேல்.

கிண்ணத்தைத் தாண்டிய பிறகு

கழிவு கிண்ணத்தைவிட்டுப் போனால் மட்டும் போதாது, குழாயில் ஓட வேண்டும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 4 அங்குல விட்டமுள்ள, 135 அடி நீளமான கண்ணாடிபோல் தெரியும் குழாயில் 6, 4.8, 3 லிட்டர் ஃப்ளஷ்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 6-உம் 4.8-உம் சமாளித்தன. 3 லிட்டரில் கழிவு எங்கே நிற்கும் என்று கணிக்கவே முடியாதபடி தேங்கியது. சரிவு, தண்ணீரின் அளவு, இவற்றோடு மிகப் பெரிய காரணமாகத் தெரிந்தது டாய்லெட் பேப்பர் நனைந்த பிறகும் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது.

இது நமக்கு ஒரு விதத்தில் நல்ல செய்தி. தண்ணீரால் கழுவும் வீடுகளில் பேப்பர் சிக்கல் இல்லை, கழுவும் தண்ணீரும் கூடவே குழாயில் போகிறது. ஆனால் நம் கட்டடங்களில் மலக்குழாய் தனி, குளியல் தண்ணீர்க் குழாய் தனி என்று இறக்குவது பரவலான வழக்கம். அமெரிக்க வீட்டில் ஷவர் தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் அதே குழாயில் வந்து தேங்கியதைத் தள்ளிவிடும். நம் மலக்குழாய்க்கு அந்த உதவி இல்லை. ஆகவே 110 மி.மீ குழாய் படுக்கையாக ஓடும் இடத்தில் 50 அடிக்கு 1 அடி சரிவு கொடுங்கள். 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை பெண்டு. குழாய் போய்ச் சேரும் சேம்பர் தொட்டி தூரமாக இருந்தால் முழு ஃப்ளஷ்ஷை 6 லிட்டரிலேயே வையுங்கள், 4.5-க்கு இறக்க வேண்டாம்.

அழகான பாத்ரூமில் இதே தவறு எப்படி நுழைகிறது

நம் ஊரில் விற்கும் வால் ஹங் கம்மோடுகள் பெரும்பாலும் சைஃபன் இல்லாத வாஷ்டவுன் வகை. தண்ணீர் மேலிருந்து தள்ளிக்கொண்டு போகும். பாதை அகலம், வளைவு குட்டை. அதனால் குறைந்த தண்ணீரில் இயல்பாகவே நன்றாக வேலை செய்யும், அடைப்பு அரிது. நிற்கும் தண்ணீரின் பரப்பு சிறிது என்பதால் பின்சுவரில் கறை படியலாம். தரையில் உட்காரும் ஒன்-பீஸ் மாடல்களில் சைஃபன் வகையும் உண்டு. அவற்றில் தொட்டி தாழ்வாக இருந்தால் பார்வைக்கு நேர்த்திதான், ஆனால் தண்ணீர் விழும் உயரம் குறைந்து வேகமும் குறையும். அத்தகைய மாடலில் பெரிய ஃப்ளஷ் வால்வு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

பெரும் தவறு நடப்பது பொருத்தத்தில். மறைவுத் தொட்டி ஒரு நிறுவனம், கிண்ணம் இன்னொரு நிறுவனம் என்று வாங்குகிறோம். தொட்டியில் முழு ஃப்ளஷ்ஷை 6 அல்லது 4.5 லிட்டருக்குத் திருப்பி வைக்கலாம். 6 லிட்டருக்கு வடிவமைத்த கிண்ணத்தோடு 4.5-ஐச் சேர்த்தால் 1994-இன் அமெரிக்க வீடு நம் வீட்டில் வந்துவிடும். கிண்ணத்தின் விவரத்தாளில் எழுதியுள்ள லிட்டரைப் பார்த்துத் தொட்டியை அதற்கேற்ப வையுங்கள். பழைய 10 லிட்டர்த் தொட்டிக்குள் தண்ணீர் பாட்டிலோ செங்கல்லோ போடுவதும் இதே தவறு. செங்கல் கரைந்து வால்வில் மண் படிவது கூடுதல் நஷ்டம்.

ரிம் மடிப்பு இல்லாத ரிம்லெஸ் கிண்ணத்தில் தண்ணீர் வெளியே தெறித்தால் லிட்டரைக் குறைக்காதீர்கள். தொட்டியின் வெளியேற்றும் வால்வில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு அல்லது வளையம் இருந்தால், அதைப் படிப்படியாகத் திருப்பினால் போதும்.

மறைவுத் தொட்டி வைக்கும்போது டைல்ஸ் ஒட்டும் முன் செய்ய வேண்டியவை உண்டு. நாலரை அங்குலச் சுவரை மட்டும் நம்பிக் கிண்ணத்தைத் தொங்கவிடக் கூடாது. இரும்புச் சட்டத்தின் கால்கள் கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட்டால் இறுக வேண்டும். நல்ல சட்டங்கள் 400 கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். கிண்ணத்தைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே 180 மி.மீ வேண்டுமா 230 மி.மீ வேண்டுமா என்பதைக் கிண்ணம் கையில் வந்த பிறகு அளந்து உறுதிசெய்யுங்கள். தொட்டியை நிரப்பிப் பத்துப் பதினைந்து முறை ஃப்ளஷ் செய்து, இரவு முழுவதும் விட்டுக் காலையில் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளஷ் குழாயும் கழிவுக் குழாயும் கிண்ணத்துக்குள் எவ்வளவு நுழைய வேண்டுமோ அந்த அளவுக்கு வெட்டாமல் குட்டையாக்கினால் கசிவு சுவருக்குள்ளேயே நடக்கும். கீழ்வீட்டுக் கூரையில்தான் முதலில் தெரியும்.

தரையில் உட்காரும் மாடலை மாற்றும்போது அழகைப் பார்க்கும் முன் டேப்பை எடுங்கள். கழிவு தரைக்குள் இறங்கும் எஸ்-டிராப் என்றால் முடிந்த சுவரிலிருந்து தரைத்துளையின் மையம்வரை அளக்க வேண்டும்; டைல்ஸின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவர் வழியாக வெளியேறும் பி-டிராப் என்றால் முடிந்த தரையிலிருந்து வெளியேறும் குழாயின் மையம்வரை. பொதுவாக 180 மி.மீ அருகே இருக்கும். சில மி.மீ வித்தியாசத்தை ரப்பர் கனெக்டர் சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் நெளிவுக் குழாய் போட்டு ஒட்டவைப்பார்கள். அதன் மடிப்புகளில் கழிவு தங்கும், குறைந்த தண்ணீர் அதைக் கழுவாது.

பொத்தான் இரண்டு, கசிவு ஒன்று

6/3 இரட்டை ஃப்ளஷ் தொட்டியில் ஒரு முழு ஃப்ளஷ்ஷுக்கு இரண்டு பாதி ஃப்ளஷ் என்று கணக்கு வைத்தால் சராசரி 4 லிட்டர். நான்கு பேர், ஆளுக்கு 5 முறை என்றால் 80 லிட்டர். பழைய 10 லிட்டர்த் தொட்டியில் 200 லிட்டர் ஆகியிருக்கும். மிச்சம் 120 லிட்டர்.

இதே தொட்டியின் அடிவால்வு வாஷரில் உப்பு படிந்து, நிமிடத்துக்கு 100 மி.லி மட்டும் கசிந்தால் நாளுக்கு 144 லிட்டர். மிச்சம் முழுவதும் போய், மேற்கொண்டு 24 லிட்டர் நஷ்டம். கிண்ணச் சுவரில் மெல்லிய இழையாக இறங்குவதால் சத்தமும் கேட்காது. உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் இது வழக்கமான பழுது.

கண்டுபிடிப்பது எளிது. இரவு படுக்கும் முன் தொட்டியில் கொஞ்சம் சமையல் நிறமியைக் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் 10 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் வந்தால் வாஷர் போய்விட்டது. மறைவுத் தொட்டி என்றால் பொத்தான் தட்டைக் கழற்றி அந்த வழியாகவே ஊற்றலாம். நிறம் வராமல், ஆனால் தண்ணீர் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டே இருந்தால் மிதவை வால்வைப் பாருங்கள். மட்டம் வழிகுழாயின் வாயைத் தொட்டு உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும். மிதவையை இறக்கி, மட்டத்தை வழிகுழாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்துங்கள்.

வாஷரைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் லேசான படிவு போகும். விளிம்பு நெளிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆசிட் ஊற்ற வேண்டாம், உலோகத் திருகுகளும் ரப்பரும் கெடும். கம்மோடு வாங்கும் நாளிலேயே அதே தொட்டிக்குரிய வாஷர் இரண்டு, மிதவை வால்வு ஒன்று வாங்கி, மாடல் எண்ணோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து அந்த மாடல் கடையில் இருக்காது. அமெரிக்க வீடுகளில் பொதுவான ஃப்ளாப்பர் செய்ததையே பொருந்தாத வாஷர் இங்கும் செய்யும்.